யார் வீட்டுப் பிள்ளை

போகிற வருகிற பெண்களின் முகங்களை அவள் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வயதிருக்கும். மஞ்சள் பாவாடை. ராட்டினத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே, பொருட்காட்சிக் கூட்டம் நெருக்கியடித்துப் போகிற இடத்தில் நின்றாள்.

தேடிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று அவன் சுற்றிலும் பார்த்தான்.

யாரும் வரவில்லை.

அவன் மனைவியும் மகளும் ராட்டினத்தில் இருந்தார்கள். அவனுக்குத் தலை சுற்றும் என்பதால் கீழேயே நின்றுவிட்டான். வெள்ளையடிக்கிற வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். கைலியில், முழங்கையில், நகக்கண்ணில் எல்லாம் சுண்ணாம்பு. அந்தக் கையால் யார் வீட்டுப் பிள்ளையையோ தொடக் கூச்சமாக இருந்தது.

கூச்சம் மட்டுமில்லை. பயமும்தான்.

தொடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, வருகிற கால்கள் அவளை இடித்துவிடாதபடி கையை மட்டும் குறுக்கே நீட்டிக்கொண்டான்.

"அக்கா, இந்தப் பாப்பா தனியா நிக்கிது. என்னான்னு கொஞ்சம் கேளுங்களேன்."

பச்சைப் புடவைக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். தன் பிள்ளையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்தவள் நிற்கவே இல்லை.

இனி யாரைக் கேட்பது என்று அவன் திரும்பிய நேரத்தில், கையில் பஞ்சுமிட்டாயோடு ஒருவன் வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை. மோதிரம். நெற்றியில் திருநீறு.

"அம்மு! இங்கயா நிக்கிற? வா, வா."

அம்மு என்று கூப்பிட்டால் எந்தப் பிள்ளைதான் திரும்பாது?

அவள் திரும்பினாள். வந்தவனின் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சுமிட்டாயைப் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?" என்றான் அவன்.

"மாமன்யா."

"பாப்பா பேரு என்னாங்க?"

"அதான் அம்முன்னேன்ல."

"முழுப் பேரு சொல்லுங்க."

வெள்ளைச் சட்டைக்காரன் சிரித்தான். பிறகு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினான்.

"என் தங்கச்சி புள்ளைக்கு எங்கிட்டயே வெலாசம் கேக்குறான் பாருங்கய்யா! ரொம்ப நேரமா புள்ள பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தான். நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

கடைசியாகச் சொன்னது பொய்யில்லை என்று அவனுக்குப் பட்டது. பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

அவன் குறுக்கே போய் நின்று பிள்ளையின் கையைப் பிடித்தான்.

அது போதுமாக இருந்தது.

"ஏய், புள்ள மேலருந்து கைய எடுறா!"

சட்டையை யார் பிடித்தது, முதலில் யார் அறைந்தது என்று தெரியவில்லை. பச்சைப் புடவைக்காரி எங்கிருந்தோ திரும்பி வந்து, "எனக்கு அப்பவே சந்தேகந்தாங்க" என்றாள். ஒருவன் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"நானும் புள்ளகுட்டிக்காரன்தாங்க. என் பொண்டாட்டி மேல இருக்கா."

"மேலன்னா? செத்துட்டாளா?"

சிரித்தார்கள்.

ராட்டினத்தின் உச்சித் தொட்டிலிலிருந்து அவன் மகள் கையாட்டுவது தெரிந்தது. அவனால் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டையும் பிடித்திருந்தார்கள்.

கால்களுக்கு நடுவே மஞ்சள் பாவாடை நகர்ந்து போயிற்று. வெள்ளைச் சட்டைக்காரனுக்குக் கூட்டமே வழிவிட்டது. யாரோ ஒரு பெரியவர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க தம்பி, காலம் கெட்டுக் கெடக்கு" என்றார்.

பாட்டு பாதியில் நின்றது. ஒலிபெருக்கி இரைந்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. மஞ்சள் பாவாடை, சிவப்புச் சட்டை அணிந்த தன்யஸ்ரீ என்ற நான்கு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. குழந்தையின் தாயார் மேடை அருகே காத்திருக்கிறார்..."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பிறகு இன்னொன்று. செல்போன் கீழே இறங்கியது. ஒருவன் டிக்கெட் வாங்கப் போகிறவன் போல நழுவினான். பச்சைப் புடவைக்காரி குனிந்து தன் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அவன் வாசலைப் பார்த்து ஓடினான்.

தனியாகத்தான் ஓடினான்.

வாசலில் அவள் இல்லை. வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். அறிவிப்பைக் கேட்டதும் அந்த ஆள் விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். பாதி பஞ்சுமிட்டாய் பாவாடையில் ஒட்டியிருந்தது.

அவன் அள்ளித் தூக்கினான்.

அவள் வீறிட்டு அழுதாள்.

வாசலில் நின்றவர்களும் அறிவிப்பைக் கேட்டவர்கள்தான். தலைகள் திரும்பின.

"அந்தா! மஞ்சப் பாவாடை! புடி, விடாத!"

உதடு கிழிந்த கைலிக்காரன் ஒருவன், கத்துகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். ஓடி வருகிற செருப்புச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

இறக்கிவிட்டால் அவன் தப்பலாம். பிள்ளை காலடியில் மிதிபடும்.

அவன் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். குனிந்தான். அவள் தலையை நெஞ்சோடு சேர்த்து, சுண்ணாம்புக் கையால் பொத்திக்கொண்டான்.