எட்டாவது படிவம்

“சனத்தின்ர வரிக்காசிலை எங்கட உயிருக்குக் காப்புறுதியோ, அண்ணை? எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

ஜசிந்தா எழுந்து நின்றே கேட்டாள். 1999 ஆவணி மாதக் கூட்டம். தீவுப் பிரதேச சபையின் ஒன்பது உறுப்பினர்களில் அவள் மட்டும்தான் தீர்மானத்துக்குக் கை உயர்த்தவில்லை.

“சிவபாதத்தின்ர செத்தவீட்டுக்கு நீரும் வந்தனீர்தானே?” என்றார் தவிசாளர் அம்பலவாணர். “சபை உறுப்பினர் எண்டபடியால்தான் அவரைச் சுட்டவங்கள். பெட்டி வாங்கக்கூட நாங்கள்தான் சேர்த்துக் குடுத்தனாங்கள்.”

“எங்கட சுருவில் ஊரிலை மீன்பிடிக்கப் போற சனமும் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டுதான் கடலிலை இறங்குது. அதுகளுக்கு?”

“அதுக்கும் ஒரு வழி பாப்பம். முதல்லை இது.”

“முதல்லை நீங்கள்! உங்களுக்கு உயிர்ப்பயம், அண்ணை. அதை மறைக்க எங்களையும் சேர்த்துக்கொண்டியள்.”

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பயம் இருக்குத்தான்,” என்றார். பிறகு ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “உமக்கு ஒண்டு நடந்தா ஜெனிஸ்ரனை ஆர் பாக்கிறது? தகப்பனும் இல்லாத பிள்ளை.”

கடலுக்குப் போன கணவன் திரும்பாத அந்த வாரம், மகனுக்குப் பாண் வாங்கக்கூட அயல்வீட்டில் கேட்டு நின்றது ஜசிந்தாவுக்கு நினைவு வந்தது. எரிச்சலோடு கையெழுத்துப் போட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்து, எழுதுவினைஞர் அன்ரனிட்டாவின் மேசையில் படிவத்தை வைத்தாள்.

“எட்டு. எல்லாம் சரி அக்கா,” என்று அன்ரனிட்டா கோப்பைக் கட்டினாள்.

“ஒன்பது பேரெல்லோ? இதுக்கு இவ்வளவு பாடுபட்ட தவிசாளரின்ர படிவத்தைக் காணேல்லையே?”

அன்ரனிட்டா தவிசாளரின் அறைக்கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவர் தன்ரையைக் கிழிச்சுப்போட்டார் அக்கா. ‘பாரிய நோய் வருத்தம் ஏதும் இருக்கோ’ எண்டு அதிலை ஒரு கேள்வி. ‘இல்லை’ எண்டு எழுதினா ஒருத்தரும் சோதிக்கமாட்டினம் எண்டு நானும் சொல்லிப் பாத்தனான். ‘சனத்தின்ர காசு பிள்ளை, பொய் எழுத ஏலாது’ எண்டிட்டார். புற்றுநோய் அக்கா... தைப்பொங்கல் தாண்டமாட்டார் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டாராம்.”