நாலும் அஞ்சும்

"குழந்தை எவ்வளவு எடை?"

கணவன் கையிலிருந்த ஸ்பீக்கர் போனில் மாமியார் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

பிரசவ வார்டில் படுத்திருந்தவள் பக்கத்தில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். குழந்தை இரண்டு கிலோ முந்நூறு கிராம்தான். மாமியார் சும்மா விடுவாரா? "என் புள்ள பொறந்தப்ப நாலு! தூக்கினா கை கடுத்துப்போகும்!" கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது.

"அஞ்சும்மா" என்றான் கணவன், கொஞ்சம்கூடக் கூசாமல்.



"அஞ்சா? சரி சரி. ஞாயித்துக்கிழமை வரேன்."

"ஏங்க இப்படிப் புளுகுறீங்க?" என்றாள் அவள், போனை வைத்ததும்.

"புளுகா? அஞ்சு பவுண்டு இருக்கான்ல! எங்க டயர் கடையில காத்து அளக்குற மீட்டர்ல முள்ளு ஒண்ணுதான், அளவு ரெண்டு. உள்வட்டத்துல ரெண்டு காட்டும், வெளிவட்டத்துல இருபத்தொன்பது காட்டும். காத்து என்ன கூடியா போச்சு?"

"டயரும் புள்ளையும் ஒண்ணா? தூக்கிப் பார்த்தா தெரிஞ்சிடாதா?"

"அதுக்குள்ள கொஞ்சம் காத்து அடிச்சிடலாம்!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, நன்றாகப் பால் குடிக்கிறான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. இருந்தாலும், 'வயித்துல வச்சே புள்ளையைப் பட்டினி போட்டியா' என்று நாலு பேர் முன்னால் மாமியார் கேட்டுவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு நாத்தனாரும் வீட்டுக்கு வந்தாள். தொட்டிலை எட்டிப் பார்த்தவள், "தம்பி அஞ்சுன்னான், இது கோழிக்குஞ்சாட்டம் இருக்கு?" என்றாள்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வந்ததும் கண்ணு வைக்காதேடி. போய் உன் தம்பிக்குக் காப்பி போடு" என்று மகளை விரட்டினார் மாமியார்.

பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு குட்டிச் சட்டையை எடுத்து மாட்டினார். கையால் தைத்தது. கழுத்து, கை, உடம்பு எல்லாம் கச்சிதம்.

அஞ்சு கிலோ குழந்தைக்குத் தைத்த சட்டை இல்லை அது.

"எடை தெரியாம அளவு எப்படி வைக்கிறது? அதான் எடுத்த எடுப்புல கேட்டேன்."

"அத்தை... அவர் அஞ்சுன்னு சொன்னது வந்து..."

"பவுண்டு. தெரியும்மா."

மாமியார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலை இறக்கினார்.

"உன் புருஷனை நாலு நாலுன்னு சொல்றேனே, அது மட்டும் கிலோன்னா நினைச்சே? என் மாமியாருக்குப் பயந்து அன்னிக்கு வாய்ல வந்தது, இன்னும் நிறுத்த முடியல. அவன்கிட்ட சொல்லிடாதே, பாவம், உன் புள்ளதான் அவனைவிட ஒரு பவுண்டு கூட!"