மறுபடியும் கழன்ற போல்ட்

"நீ என் வண்டிக்கு சைலன்சர் மாட்டினியா, இல்ல பேயைப் பிடிச்சு மாட்டினியாடா?"

ரமிரோ வண்டியை விட்டு இறங்கும்போதே கத்தினான். வழி முழுக்க வண்டி அவனை உலுக்கி எடுத்திருந்தது. போதாததற்கு, டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு வேறு பல்லைக் காட்டிக்கொண்டு எரிந்தது.

நோயல் கையைத் துடைத்துக்கொண்டே பட்டறையிலிருந்து வெளியே வந்தான். யாவ்கோ ஊரில் மெக்கானிக் நோயல் என்றால் எல்லோருக்கும் ஒரு மரியாதை உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன் என்பதால் ரமிரோவுக்கு மட்டும் கிடையாது.

"மறுபடியுமா? போன வாரம்தானேடா டைட் பண்ணி அனுப்பினேன்!"

"அதுக்கு முந்தின வாரமும்தான் அனுப்பினே. திங்கக்கிழமை வண்டிக்கு சோதனைடா. இந்த லைட்டு எரிஞ்சா கண்ணாடியில ஒட்ட ஸ்டிக்கர் தரமாட்டாங்க. ஸ்டிக்கர் இல்லேன்னா வண்டி ரோட்டுல இறங்காது. அப்புறம் தினம் பொன்ஸே டவுனுக்கு வேலைக்கு எதுல போவேன், உன் முதுகுலயா?"

சொல்லப்போனால் அந்தச் சோதனைக்காகத்தான் புது சைலன்சரே வாங்கினான். பழையது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஆடும்.

புதியதை மாட்டிய அன்று வண்டி பூனை மாதிரி நடந்தது. சாயங்கால ஜெபம் முடிந்ததும் ரமிரோ தினமும் சர்ச்சிலிருந்து வண்டியில் அழைத்து வரும் மாமியார் ஹெனோவேவாவே, "வண்டி ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டாள். வீட்டுக்குள் நுழைந்தால், கொழுப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மாமனார், வறுத்த பன்றித்தோல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொர்க்கத்தில் இருந்தார். அன்றைக்கு வண்டி போடாத சத்தத்தையெல்லாம் மாமியார் சேர்த்துப் போட்டாள்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. உறுமல் திரும்பி வந்தது, கூடவே நடுக்கமும் விளக்கும் வந்தன. நோயல் சரிசெய்து அனுப்புவான். ஓரிரு நாளில் பழைய குருடி கதவைத் திறடி.

நோயல் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் புகுந்தான்.

"டேய், இங்க வந்து பாரு. குழாய் சேர்ற இடத்துல போல்ட் லூஸ். புகை இந்த வழியா வெளிய அடிக்குது. அதான் சத்தம், அதான் ஆட்டம். சென்சாருக்கும் கணக்கு குழம்பிடுது, அதான் லைட்டு."

"அது தெரியாமத்தான் வந்தேனா? ஏன் கழலுதுன்னு சொல்லு!"

"அதுவா கழலலடா. போல்ட் தலையைப் பாரு, எவனோ சைஸ் ஒத்துவராத ஸ்பேனரை வெச்சுக் கடிச்சுக் குதறியிருக்கான். வேணும்னே கழட்டுறாங்க." நோயலின் முகம் சிவந்துவிட்டது. "என் வேலையைப் போய்க் குறை சொன்னியேடா, பாவி!"

ரமிரோ மன்னிப்புக் கேட்டான். அதற்கு நோயல் ஒரு வாரம் அவனோடு பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, போல்ட்டையும் இறுக்கி, காப்பியும் ஊற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமனார் உபால்தோ கொதித்துப்போனார்.

"எதிர்வீட்டுக்காரனாத்தான் இருக்கும் மாப்ளே! உங்க வண்டி மேல அவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு." பிறகு குரல் தழுதழுக்கச் சொன்னார்: "என்னைக் கேட்டா, அந்தப் பழைய சைலன்சரையே மாட்டிடுங்க. பாவம், அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு."

இந்த வீட்டில் தன் கஷ்டம் புரிந்த ஒரே ஜீவன் இவர்தான் என்று ரமிரோவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் சோதனை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரமிரோ வண்டியை வாசல் சரிவில் நிறுத்திவிட்டு, மாமரத்துக்குப் பின்னால் வலை ஊஞ்சலைக் கட்டிக்கொண்டு படுத்தான். தூங்குகிறான் என்று ஊர் நம்பட்டும் என்று இரண்டு குறட்டையும் விட்டான்.

டிங். வண்டிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. மறுபடியும் டிங்.

ரமிரோ பூனைநடை போட்டு வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்வீடு, இந்தப் பக்கம் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கணுக்கால்களையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

"மாட்டினியாடா, எதிர்வீட்டு..."

முதலில் வயிறு வந்தது. அப்புறம் ஸ்பேனர் வந்தது. கடைசியில் மீசையெல்லாம் கரியோடு உபால்தோவின் முகம் வந்தது.

"மாமா! நீங்களா?"

உபால்தோ பதறிப்போய், மாமியார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையலறை ஜன்னலை ஒருமுறை பார்த்தார். வாயில் விரலை வைத்தபடி எழுந்து, மருமகனின் காதருகே வந்தார்.

"மெதுவா மாப்ளே... உங்க அத்தை வர்றது எனக்கு முன்கூட்டியே கேக்க வேணாமா?"