லேப்பில் இடமில்லை

“லேப்புல எடமில்ல தம்பி” என்றார் ஹெட்மாஸ்டர் திருமலைசாமி.

மூன்றாவது முறையாக அதையே சொன்னார். கோபமில்லாமல், கிட்டத்தட்ட பிரியமாக.

என் தங்கை செவ்வந்தி பக்கத்தில் நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பில் நானூற்று நாற்பத்தெட்டு வாங்கியவள். அறையில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. உட்காரச் சொல்லவில்லை. நாங்களும் உட்காரவில்லை.

என்ன பேச வேண்டும் என்று முந்தின நாள் என் சாயங்காலக் கல்லூரியில், பாடம் நடக்கும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் அவள் மார்க். அடுத்து அவள் டாக்டராக வேண்டும் என்பது. கடைசியில் விதிமுறை. இரண்டாவதைச் சொல்லும்போதே மூன்றாவது மறந்துவிட்டது.

“டாக்டருக்குப் படிக்கணும்னு இருக்கறாளுங்க சார். பயாலஜி இருக்கற பர்ஸ்ட் குரூப்பு இல்லீன்னா மெடிக்கல் காலேஜுக்கு அப்ளிகேசனே போட முடியாதுங்களே.”

“இருக்கற லேப்புக்கு ஆளு ரொம்பிப் போச்சு. இந்தப் புள்ளைய எங்க நிக்க வெப்பேன், தண்ணித் தொட்டி மேலயா? தேர்டு குரூப்பு தாரேன். பேங்க் வேலைக்குப் போகலாம். உங்காளுகளுக்குத்தான் எதப் படிச்சாலும் ஸ்காலர்ஷிப் வந்துருதே.”

‘உங்காளுகளுக்கு’ என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. தண்ணீர் குடிப்பது போலச் சொன்னார். அதுதான் எனக்கு எரிந்தது. எங்கள் முகவரியில் ‘காலனி’ என்று இருந்ததைப் படித்ததும் மார்க் ஷீட்டை மூடி வைத்தவர், அதன் பிறகு அதைத் திறக்கவே இல்லை.

பால் சொசைட்டித் தலைவர் மகன் வெங்கடபதி, முந்நூற்று எண்பது வாங்கியவன், அன்று காலைதான் அதே குரூப்பில் சேர்ந்துவிட்டுப் போனான். அவர்கள் தோட்டத்தில்தான் எங்கள் அப்பா வேலை செய்கிறார். “தகராறு வேண்டாஞ் சாமி, குடுக்கறத வாங்கிட்டு வாங்க” என்றுதான் எங்களை அனுப்பியிருந்தார்.

“வெங்கடபதிக்கு இருந்த எடம் எங்க புள்ளைக்கு மட்டும் இல்லீங்களா?”

குரல் கீச்சென்று வந்தது. கோபம் வந்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான். அதிகமாகப் பேசிவிட்டேனோ? தேர்டு குரூப்பும் இல்லை என்றுவிட்டால்?

“அவன் காலைல வந்தான். நீங்க மத்தியானம் வந்து நிக்கறீங்க.”

“அவனுக்கு முன்னாடியே வந்துட்டமுங்க. நீங்கதான் வேப்பமரத்தடீல இருங்கன்னீங்க.”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அப்போதுதான் அந்த மூன்றாவது எனக்கு ஞாபகம் வந்தது.

“அப்ப எடமில்லீன்னு எழுதிக் குடுத்துருங்க சார், அதானுங்களே ரூல்சு. கோயமுத்தூர்ல கல்வி ஆபீசுல காட்டிக்கறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னை முதன்முறையாகப் பார்த்தார்.

“ஏந் தம்பி, நீ என்ன பண்ற?”

“பகல்ல திருப்பூர்ல சாயப்பட்டறை லேப்புல வேலைங்க. சாயங்காலம் பி.காம்.”

“அதான் வாயி நீளுது” என்று சிரித்தார்.

பேனாவை எடுத்தார். அட்மிஷன் சீட்டில் பர்ஸ்ட் குரூப் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேசை விளிம்புவரை அதைத் தள்ளிவிட்டார்.

செவ்வந்தி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கண்ணு” என்றார். “லேப்பு ஆரம்பிக்கறப்ப பிப்பெட்டு மட்டும் ஊட்டுல இருந்து கொண்டாந்துரு. மத்ததெல்லாம் இங்கயே இருக்குது.”

“செரிங்க சார்” என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு.

வராந்தாவில் என்னோடு ஓடி ஓடி வந்தாள். “பிப்பெட்டுன்னா என்னங்கண்ணா? காம்பஸ் டப்பாவுல இருக்குமே, அதுங்களா?”

டவுன்ஹால் பக்கம் லேப் சாமான் விற்கும் கடை இந்நேரம் திறந்திருக்குமா, பட்டறையில் கேட்டால் ஒன்று கொடுப்பார்களா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சீட்டு கையில் இருக்கிறது. கேட்டைத் தாண்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

“சொல்லுங்கண்ணா.”

“கண்ணாடிக் கொழாய். ஆசிட்ட வாயில உறிஞ்சி அளந்து எடுக்கறது.”

“எல்லாரும் ஊட்டுல இருந்து கொண்டாறணுமா?”

“இல்ல. மேசைக்கு ஒண்ணு அவிங்களே வெச்சிருப்பாங்க. அந்த மேசைல இருக்கற எல்லாரும் அதுலயேதான் மாத்தி மாத்தி வாய் வெக்கறது.”

சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

செவ்வந்தி நின்றுவிட்டாள். சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது.

பிறகு வந்த வழியே திரும்பினாள்.

“எங்க போற? அதான் கெடச்சிருச்சில்ல, வா” என்று கையைப் பிடித்தேன்.

உதறினாள். அந்த உதறலில் எனக்கும் பங்கு இருந்தது.

நான் அறை வாசலை எட்டும்போது, அவள் அட்மிஷன் சீட்டை ஹெட்மாஸ்டருக்கு முன்னால், மேசையின் நட்டநடுவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பிப்பெட்டு நான் கொண்டாரமாட்டனுங்க சார். மேசைல இருக்கறதுலயே வாய் வெச்சுக்கறனுங்க.”