ஞாயிற்றுக்கிழமை மிக்சி

ராஜமாணிக்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

கனடாவிலிருந்து மகன் அன்பரசன் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறான். இவர் அப்போதுதான் மெல்லக் கல்யாணப் பேச்சை எடுத்திருக்கிறார். கீழே சமையலறையில் கர்ரென்று மிக்சி கிளம்பியது. திரையில் பிள்ளை வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டான். போன ஞாயிறும் இதே கதைதான்.

அவர் மாடிப்படி இறங்கி வருவதற்குள் மிக்சி நின்றிருந்தது.

"ஏம்மே, பெத்த புள்ள பேசற நேரத்துலதான் உனக்குச் சட்னி அரைக்கணுமா?"

"பேசிட்டு வந்ததும் பசி பசின்னு பறப்பீங்களே" என்றாள் மனைவி திரௌபதி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

இத்தனைக்கும் அந்த நெட்டுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மோடம் கீழே ஹாலில் இருந்தது. அவருக்கோ மாடி அறையில் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். அங்கேதான் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் மலை தெரியும். பிள்ளை மலையைப் பார்க்க வேண்டும், ஊர் ஞாபகம் வர வேண்டும், மனசு இளகிக் கல்யாணத்துக்குத் தலையாட்ட வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

ஆனால் மோடத்திலிருந்து வந்த நெட், கான்கிரீட்டைத் தாண்டி மாடி ஏறமாட்டேன் என்றது. கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு குட்டிப் பெட்டிகளைக் கொடுத்தார். ஒன்றை மோடத்தோடு சேர்த்துக் கீழே பிளக்கில் செருக வேண்டியது. இன்னொன்றை மாடியில் செருக வேண்டியது. சுவருக்குள் ஓடும் கரண்டு கம்பி வழியாகவே நெட் மேலே போய், அந்த அறை முழுக்கப் பரவிவிடும்.

"கரண்டுல போனா புள்ளைக்கு ஷாக் அடிக்காதாங்க?" என்று திரௌபதி கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தவர், இப்போது கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"மிக்சி ஓடுனா அந்தக் கம்பியில தொந்தரவு ஜாஸ்தி சார். நெட்டு நின்னுடும். மிக்சிய நிறுத்துனா தானா வந்துடும். பேசற நேரத்துல மட்டும் போட வேணாம்னு சொல்லுங்க."

சொன்னார். கண்டிப்பாகவே சொன்னார். திரௌபதியும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறு வந்தது. குளிர், சமையல், ஆபீஸ் என்று பேச்சு ஜோராகத்தான் போனது. பிள்ளை இரண்டு முறை சிரிக்கக்கூடச் செய்தான். இதுதான் சமயம் என்று ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். அவர் குரலுக்கு மைக்கே வேண்டாம், தேரடி வரைக்கும் கேட்கும்.

"அன்பு, நம்ம சின்னசாமி புள்ளையப் பாரு. உன் வயசுதான். உன் வயசுல எனக்கெல்லாம்..."

கர்ர்ர்.

இந்த முறை அவர் சத்தம் போடவில்லை. பூனை மாதிரி இறங்கிப் போனார். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. திரௌபதி அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மாடிப் பக்கமாகக் காதைக் கொடுத்தபடி நின்றிருந்தாள்.

ஜாரை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு தேங்காய்ச் சில்லுகூட இல்லை.

"என்னத்தை அரைக்கிற நீ?"

திடுக்கிட்டுத் திரும்பினாலும் அவள் அசரவில்லை. "மேல நீங்க அரைச்ச மாவையே அரைக்கிறீங்க. கீழ நான் வெறும் ஜாரை அரைக்கிறேன்."

"விளையாடறியா? அப்பன் புள்ளைக்கு நல்லது சொல்லக் கூடாதா? நீ எனக்குப் பொண்டாட்டியா, பகையாளியா?"

நிஜமாகவே அவருக்கு மனசு நொந்துபோயிற்று. முப்பது வருஷம் கூடவே இருந்தவள் இப்படிக் காலை வாரிவிடுவாள் என்று அவர் நினைக்கவில்லை.

திரௌபதி மிக்சியை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது. "அப்பா... அப்பா, இருக்கீங்களா?"

"போங்க, புள்ள கூப்பிடறான்" என்றாள். அவர் நகரவில்லை. அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"போன வருஷமும் போன்ல இதையேதான் சொல்லிச் சொல்லி அவனை விரட்டுனீங்க. மாசக்கணக்கா அவன் பேசல, கார்த்திகை தீபத்தன்னிக்குக் கூட ஒரு போன் இல்ல. ஊரே மலையப் பாத்துக் கும்பிட்டுக்கினு இருக்க, நீங்க மட்டும் மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கினு அழுதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? இன்னொரு தபா அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."