ஒற்றைத் தும்மல்

செங்கோடன் போகிற நாட்டில் சாட்டிலைட் போனுக்குத் தடை. அதனால் அவருடைய போன் இட்லிப் பொடி டப்பாவுக்குள் ஒளிந்துகொண்டு, ஊர் பார்க்கும் ஆசையில் காத்திருந்தது.

கிளம்பும் நேரத்தில் டப்பாவை அவர் அழுத்தி மூட, பொடி பறந்தது. பக்கத்திலிருந்த பூனை ஒற்றைத் தும்மல் போட்டது. செங்கோடனுக்கு முகம் மாறிவிட்டது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு போனை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“என் பயணத்தைக் கெடுத்துட்டியே, பாவி” என்று போன் திட்டித் தீர்த்தது.

“மூக்கு கமறிச்சு, தும்மினேன்” என்றது பூனை.

மறுநாள் செங்கோடன் அங்கிருந்து வேறு போனில் வீட்டுக்குப் பேசினார். விமான நிலையச் சோதனை வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவரிடம் இதே மாதிரி போன் இருந்ததாம். போனை உடைத்துப்போட்டு, ஆளை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்களாம்.

சாயங்காலம் பூனை மறுபடியும் தும்மியது.

“நூறாயுசு உனக்கு” என்றது போன்.