ஜெனிக்கு அப்பா செய்த பாஸ்தா

மதியம் எஸ்தர் குவைத்துக்குக் கிளம்புகிறாள், இரண்டு வருஷ வீட்டு வேலைக்கு. செங்கம் ரோட்டுக் கஃபேயில் பாத்திரம் கழுவிவிட்டு, மீந்த பாஸ்தாவைக் கொண்டுவந்து முட்டை உடைத்துப் போட்டு மகளுக்குக் கிளறிக் கொடுத்துவந்தவள், இன்று அடுப்பைக் கணவனிடம் விட்டுவிட்டுச் சமையலறை வாசலில் நிற்கிறாள். ஜன்னல் வெயிலில் எண்ணெய்ப் புகை மிதக்கிறது. அருள்ராஜ் உடைத்த முட்டையோடு ஓட்டுத்துண்டும் விழுகிறது. ஆட்டோ ஓட்டிக் காய்த்த விரலால் அதைத் துழாவி எடுக்கிறான். “தீயக் கம்மி பண்ணுங்க,” என்கிறாள் எஸ்தர். “நீ சும்மா இரு. நாளைக்கு யாரு சொல்லுவா?” என்கிறான் அவன், திரும்பிப் பார்க்காமல். கரண்டியால் வாணலியைச் சுரண்டுகிறான். ஓரம் கருகிய பாஸ்தாவை ஆறு வயது ஜெனி ஒரு வாய் மென்று பார்க்கிறாள். இருவரும் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லிவிடமாட்டாளா என்று எஸ்தருக்கு ஒரு கணம் தோன்றுகிறது. ஜெனி கருகலைக்கூட ஒதுக்காமல் தட்டைக் காலி செய்கிறாள். “நல்லாருக்குதுப்பா,” என்கிறாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “நீ போய்ட்டு வாம்மா. நான் சாப்டுக்குவேன்,” என்கிறாள். எஸ்தர் தலையாட்டுகிறாள். காலித் தட்டை எடுத்துக் கழுவப் போகிறாள்.